விருதுகளை வெட்டியவர்கள்

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் ரயில் விருதுநகர் நிலையத்தில் நிற்கும்போது, பலகையில் எழுதியிருக்கும் பெயரை வாசிக்கும் பிரயாணிகளில் பெரும்பாலோர், அதைப் பருப்புக்கும் எண்ணெய்க்கும் மிளகாய் வற்றலுக்கும் விலை பேசப்படும் வியாபாரத் தலமென்றோ, காமராஜர் பிறந்த ஊரென்றோ நினைப்பார்களேயன்றி, அந்தப் பெயரின் முற்பாதியிலே ஒரு சண்டையின் கதை புதைந்து கிடக்கிறதென்று நினைப்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது: பல சீமைகளிலும் போர் செய்து வென்று, தோற்றவர்களின் விருதுகளையெல்லாம் கவர்ந்து சுமந்துகொண்டு வந்த ஒரு வீரன், இவ்வூர் எல்லையில் நின்று, தன்னோடு பொருத வல்லவர் உண்டோ என்று அறைகூவினானாம், ஊராருள் ஒருவர் எதிர்த்து நின்று அவனை வெட்டி வீழ்த்தி, அவன் கொண்டுவந்த விருதுகளைக் கைக்கொண்டாராம். அன்று முதல் ‘விருதுகள் வெட்டி’ என்று வழங்கிய ஊர், காலப்போக்கில் விருதுபட்டியாகி, 1923-ஆம் ஆண்டில் நகரசபையின் தீர்மானத்தால் விருதுநகராயிற்று.

விருது என்றால் இக்காலத்தில் சர்க்கார் கொடுக்கும் பரிசு என்றே நமக்கு அர்த்தமாகிறது. முன்னாளிலோ அது ஒரு வீரனையோ அரசனையோ இன்னாரென்று காட்டும் சின்னத்தைக் குறித்தது. கொடியும், குடையும், பட்டப்பெயரும், ஊதுகொம்பும் யாவும் விருதுகளே. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் அனுமக் கொடியையும் கருடக் கொடியையும் தங்கள் விருதுகளாகக் கொண்டிருந்தார்கள். பாரத யுத்தத்திலே பீஷ்மருக்குப் பனைக்கொடி, துரியோதனனுக்கு அரவக்கொடி, அர்ச்சுனனுக்கு அனுமக் கொடி என்று தேர்தோறும் ஒரு கொடி பறந்ததை நாம் அறிவோம். விராட நாட்டின் எல்லையில் உத்தரகுமாரன் கௌரவ சேனையைக் கண்டு நடுங்கி நின்றபோது, பேடி வேடத்திலிருந்த அர்ச்சுனன், கொடிகளைச் சுட்டிக்காட்டியே இவர் துரோணர், இவர் கிருபர், இவர் பீஷ்மர் என்று அவனுக்கு விளக்கினான். சண்டை முடிந்ததும், மயங்கிக் கிடந்த மகாரதர்களின் மேலாடைகளைக் கழற்றிவரச் செய்து, உத்தரகுமாரனின் தங்கை உத்தரையின் பொம்மைகளுக்கு உடுத்தக் கொடுத்தான். அடையாளத்தைக் காட்டுவது, காட்டியதை எதிரி பறித்துக்கொள்வது என்ற இரண்டும் அக்கதையில் அடுத்தடுத்தே வருகின்றன. இதே இரண்டும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், தேருக்குப் பதிலாக ஆகாய விமானம் வந்தபோது, எவ்வாறு மீண்டும் நிகழ்ந்தன என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதல் உலக யுத்தம் மூண்டபோது, ஆங்கிலேயரின் போர் விமானங்களுக்குச் சின்னம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மூங்கிற் கூடையின்மீது துணியைப் போர்த்தினாற்போல, மரச்சட்டங்களின்மீது துணியை இழுத்துக் கட்டி வார்னிஷ் போன்ற பூச்சு தடவிய அந்த யந்திரங்கள், எதிரியின் நிலைகளை வேவு பார்த்துவிட்டுத் திரும்புகையில், கீழே அகழிகளில் கிடந்த சிப்பாய்கள், தலைக்குமேல் பறப்பது தம்முடையதா பிறருடையதா என்று ஆராயாமலே, பறப்பதெல்லாம் பகையென்று கருதித் துப்பாக்கிகளை நிமிர்த்திச் சுட்டார்கள். தன் சேனையின் குண்டுக்குத் தப்புவதே விமானிக்கு முதற் கவலையாயிற்று. ஆகையால் இறக்கைகளின் கீழ்ப்புறத்திலே ‘யூனியன் ஜாக்’ கொடியை வரைந்தார்கள். ஆனால் வெகுதூரத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவனுடைய கண்ணுக்கு, அக்கொடியின் நடுவிலுள்ள சிவப்புச் சிலுவை மட்டுமே புலப்பட்டு, ஜெர்மானியரின் கருஞ்சிலுவையாகவே தோன்றிற்று. தற்காப்புக்காகத் தீட்டிய சின்னமே தீங்காய் முடிந்தது.

இச்சங்கடத்தைத் தீர்த்துவைத்தது பிரெஞ்சுக்காரரின் வட்டம். அவர்கள் யுத்தத்துக்கு முன்பே நடுவில் நீலமும் அதைச் சுற்றி வெள்ளையும் வெளிவளையமாகச் சிவப்பும் உள்ள வட்டச் சின்னத்தை விமானங்களில் தீட்டியிருந்தார்கள். 1914 டிசம்பரில் ஆங்கிலேயர் அதையே மேற்கொண்டு, வர்ணங்களின் வரிசையை மட்டும் திருப்பி, சிவப்பை நடுவிலும் நீலத்தை வெளியிலும் வைத்தார்கள். ஜெர்மானியர் சிலுவையை விடாமல் வைத்துக்கொண்டு, 1918-இல் அதன் வளைந்த ஓரங்களை நீக்கி, நேர்க்கோட்டுச் சிலுவையாக மாற்றியதும், இன்னும் தெளிவாகத் தெரியவேண்டுமென்ற காரணம் பற்றியே.

ஒரு சின்னம் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை விருதுநகரை அடுத்துள்ள சிவகாசி வட்டாரத்தாருக்கு எவரும் போதிக்கவேண்டியதில்லை. அய்யா நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய 1923-ஆம் ஆண்டு தொடங்கி, இங்கே தீப்பெட்டியும், அதன்பின் பட்டாசும், அவ்விரண்டுக்கும் லேபிள் அடிக்கும் அச்சுத் தொழிலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே வளர்ந்தன. எழுத்தறியாத கிழவியும் கடைக்காரரிடம் சேவல் மார்க் வேண்டுமென்றும், மயில் மார்க் வேண்டுமென்றும், அணில் மார்க் வேண்டுமென்றும் கேட்டு வாங்கினாள். படம் பெரியதாயும், நிறம் அழுத்தமாயும், ஒன்றையொன்று ஒவ்வாததாயும் இருந்தால்தான் லேபிள் தன் கடமையைச் செய்யும். சேவலைப் போலத் தோன்றும் மயிலை ஒருவன் அச்சிட்டால், அது நஷ்டத்திலோ வழக்கிலோ முடியும். வியாபாரத்தில் இந்தப் பிழை காசைப் பொறுத்தது. ஆகாயத்தில் உயிரைப் பொறுத்தது என்பதே வித்தியாசம்.

ராஜாங்கம் தீட்டிய வட்டமும் சிலுவையும் ‘நான் இன்ன நாட்டான்’ என்று மட்டுமே கூறின. 1915-இல் சுழலும் முன்விசிறியின் இடுக்கு வழியாக, அதன் தகடுகளில் படாமல் சுடும் யந்திரத் துப்பாக்கியை ஜெர்மானியர் விமானத்தில் பொருத்திய பிறகு, வேவு பார்ப்பது போய் ஒருவனோடு ஒருவன் பொரும் ஆகாயச் சண்டை வந்தது. அதனோடுகூட ‘நான் இன்னான்’ என்று அறிவிக்கும் ஆசையும் வந்தது. மான்ஃப்ரெட் ஃபான் ரிக்டோஃபன் என்ற ஜெர்மானியப் பிரபு, 1917-இன் தொடக்கத்தில் தம்முடைய விமானத்துக்குச் சிவப்பு வர்ணம் பூசிக்கொண்டார். மறைந்து பதுங்கவேண்டிய யுத்தத்தில், வெகுதூரத்திலேயே தெரியும் நிறத்தைத் தேர்ந்ததற்குச் சமாதானம் வேறில்லை, பழைய தேர்வீரனின் கர்வமே. அவரைப் பின்பற்றிய தோழர்களும் தத்தம் விமானத்தில் சிவப்போடு வேறொரு வர்ணத்தைச் சேர்த்துக்கொள்ள, அந்தக் கூட்டத்துக்குப் ‘பறக்கும் சர்க்கஸ்’ என்று எதிரிகள் பெயரிட்டார்கள்.

பிரான்சின் விமானி கினெமேர் இருந்த படைப்பிரிவினர் நாரைப் பறவையைத் தீட்டினார்கள். கனடா தேசத்து ரேமண்ட் காலிஷாவும் அவருடைய நான்கு தோழர்களும், தங்கள் மூவிறக்கை விமானங்களின் முன்பகுதிக்குக் கறுப்புப் பூசி, ஒவ்வொன்றுக்கும் ‘கறுப்பு’ என்று தொடங்கும் பெயரிட்டார்கள். இத்தாலியின் பிரான்செஸ்கோ பராக்கா, தாம் முன்பு சேவித்த குதிரைப்படையை நினைந்து, முன்கால்களைத் தூக்கி எழும் குதிரையொன்றைத் தீட்டியிருந்தார்; 1918 ஜூனில் அவர் மாண்டபின், 1923-இல் அவருடைய தாயார், அக்குதிரையை என்ஸோ ஃபெராரி என்ற மோட்டார்ப் பந்தய வீரருக்கு அளித்தார். இன்று உலகமெங்கும் அதிவேகக் கார்களின்மீது நாம் காணும் குதிரை அதுவே. மார்க்கின் மகிமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் சிவகாசியிலும் கிடைப்பது அரிது.

இங்கிலாந்தின் சேனாதிபதிகள் இத்தகைய ஆடம்பரத்தை விரும்பவில்லை. மங்கிய பச்சை கலந்த பழுப்பு நிறத்தின்மீது, படைப்பிரிவைக் காட்டும் வெண்கோடோ வெண்வட்டமோ முக்கோணமோ, தனி விமானத்தைக் காட்டும் ஓர் எழுத்தோ எண்ணோ போதுமென்று கட்டளையிட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட விமானங்களிலேதான் நம் நாட்டு வாலிபர்கள் பறந்தார்கள். அரசரின் கமிஷன் பெற்ற அதிகாரியாக இந்தியர் ஒருவர் வருவதே அதிசயமாயிருந்த அந்நாளில், இந்திரலால் ராய், ஹர்தித் சிங் மாலிக், எரல் சென், வெலிங்கர் ஆகிய நால்வர் ஆங்கிலேயரின் விமானப் படையில் இடம்பெற்றனர். சென் 1917 செப்டம்பரில் எதிரிகளிடம் சிறைப்பட்டார். வெலிங்கர் 1918 ஜூனில் காயமுற்று மாண்டார்.

மாலிக் ராவல்பிண்டியில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, முதலில் பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். சீக்கியராதலால் தலைப்பாகையைக் களைய அவர் இசையவில்லை. அதன்மீது அணியத்தக்க பெரிய தலைக்கவசம் ஒன்று அவருக்கெனச் செய்யப்பட்டது. அதைக் கண்டவர்கள் அவரைப் ‘பறக்கும் குட்டிச்சாத்தான்’ என்று கேலி பேசினார்கள். 1917 அக்டோபரில் நிகழ்ந்த ஒரு சண்டையிலே காலில் குண்டு பட்டும், விமானம் சல்லடைக் கண்ணாகத் துளைக்கப்பட்டும் உயிர் தப்பிய அவர், சுதந்திரத்துக்குப்பின் கனடாவில் நம் ஹைகமிஷனராகவும் பிரான்சில் ஸ்தானீகராகவும் விளங்கி, 1985-இல் தொண்ணூறு பிராயத்தில் காலமானார். விமானத்துக்கு வர்ணம் பூச அதிகாரமில்லாத படையில், அவருடைய தலைப்பாகையே அவருக்கு விருதாயிற்று.

இந்திரலால் ராயின் சரித்திரம் இன்னும் குறுகியது. 1898 டிசம்பரில் கல்கத்தாவில் பிறந்து, லண்டனில் பள்ளிப்படிப்பை முடித்தவர். பார்வை போதாதென்று முதலில் தள்ளப்பட்டபோது, தம்முடைய மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு பெரிய கண் வைத்தியர் ஒருவரிடம் மறுபடியும் சோதித்துக்கொண்டு படையில் சேர்ந்தாரென்று சொல்வார்கள். 1917 டிசம்பரில் அவருடைய விமானம் விழுந்து நொறுங்க, இறந்தாரென்று பிணக்கிடங்கில் கிடத்திவிட்டார்களென்றும், அவர் விழித்தெழுந்து கதவைத் தட்டினாரென்றும் ஒரு வரலாறு உண்டு. உடல் தேறிவந்த நாட்களில் அவர் செய்த காரியம் விமானங்களைச் சித்திரமாக வரைந்துகொண்டிருந்ததே. அச்சித்திரங்களிற் பல இன்றும் இருக்கின்றன. 1918 ஜூலை 6-க்கும் 19-க்கும் இடையே பத்து வெற்றிகளைப் பெற்று, ஜூலை 22-ஆம் தேதி பிரான்சின் கார்வின் நகருக்கு மேலே நடந்த சண்டையில் அவர் வீழ்ந்தபோது வயது பத்தொன்பது. எஸ்தெவெல் கிராமத்து மயானத்திலுள்ள அவருடைய கல்லறையில் வங்க எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் தபால் இலாகா 1998-இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இனி, விருதை வெட்டும் கதைக்கு வருவோம். ரிக்டோஃபன் தாம் வீழ்த்திய விமானங்களின் துணியில் எழுதியிருந்த எண்களைக் கத்தரித்தெடுத்து அறைச்சுவரில் தொங்கவிட்டார். ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு வெள்ளிக் கிண்ணமாகப் பெர்லின் நகைக்கடையில் செய்யச் சொல்லி, அறுபது கிண்ணங்கள் ஆனபின், யுத்தத்தால் வெள்ளி கிடைக்காமற்போகவே அதை நிறுத்தினார். எண்பது விமானங்களை வீழ்த்திய அவர், 1918 ஏப்ரல் 21-ஆம் தேதி, இருபத்தைந்து வயதில், ஆஸ்திரேலியச் சிப்பாய்களின் எல்லைக்குள்ளே குண்டுபட்டு இறங்கினார். எதிரிகளே அவரைச் சகல ராணுவ மரியாதைகளுடனும் அடக்கம் செய்தார்கள். ஆனால் அதற்குள், அந்தச் சிவப்பு விமானத்தின் துணியையும் சிலுவையையும் சட்டங்களையும், ஆளுக்கொரு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்தச் சிவப்பைக் கண்டு அஞ்சினார்களோ அந்தச் சிவப்புக்கே அடிபிடி நடந்தது. நம்மூர்க் கதையில் வந்த அந்நிய வீரனுக்கு நேர்ந்தது என்னவோ அதுவே அவருக்கும் நேர்ந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் கர்வத்தின் வர்ணங்கள் குறைந்து, காப்புக்கான குறிகள் மிகுந்தன. ஆயினும் மயக்கம் ஒழியவில்லை. யுத்தப் பிரகடனமாகி மூன்றே நாட்கள் கழிந்த 1939 செப்டம்பர் 6-ஆம் தேதி, பகைவர் வருவதாகப் பொய்ச் செய்தி பரவி, தேம்ஸ் நதியின் முகத்துவாரத்துக்கு மேலே, ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர்கள் ஆங்கிலேயரின் ஹரிக்கேன்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி மாண்டார். அந்த ஹரிக்கேன்கள், முன்பு இந்திரலால் ராய் பணிபுரிந்த 56-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவை. இறக்கையில் வட்டம் இருந்தும், காண்பவன் கண்ணில் பயம் புகுந்துவிட்டால், வட்டம் தெரிவதில்லை. வர்ணத்தை நம்பாமல், ரேடியோ அலையின்மூலம் தன்னவனை அறியும் கருவியை விரைந்து பொருத்த இச்சம்பவம் தூண்டுகோலாயிற்று.

அந்த யுத்தத்தில் நம் சீமையின் பெயரும் ஆகாயமேறிற்று. பணம் திரட்டிக் கொடுத்த நாடுகளின் பெயரை ஸ்குவாட்ரன்களுக்குச் சூட்டும் வழக்கப்படி, ராமநாதபுரம் ஜில்லாவிலே விருதுநகரையும் சிவகாசியையும் தன்னுள் கொண்டிருந்த சென்னை மாகாணத்தின் பெயர், 234, 264 என்ற எண்ணுள்ள இரண்டு ஸ்குவாட்ரன்களுக்கு இடப்பட்டது. 234-இன் இலச்சினையில் சீறியெழும் பறவைநாகமும், நெருப்பையும் மரணத்தையும் உமிழ்கிறோம் என்ற பொருளுள்ள லத்தீன் வாசகமும் இருந்தன. கந்தகமும் வெடியுப்பும் தினந்தோறும் புழங்கும் ஊர்களைக் கொண்ட மாகாணத்தின் பெயர், அறிந்தோ அறியாமலோ, பொருத்தமான இடத்தையே சேர்ந்தது.

264-ஆம் ஸ்குவாட்ரனின் அனுபவம் இன்னும் சுவையானது. அவர்கள் ஓட்டிய டிஃபயன்ட் விமானத்துக்கு முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியே இல்லை. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டொன்றில் நான்கு துப்பாக்கிகள் இருந்தன. உருவத்திலோ அது ஹரிக்கேனைப் போலவே தோன்றும். 1940 மே 29-ஆம் தேதி டன்கர்க் கடற்கரைக்கு மேலே, அதை ஹரிக்கேன் என்றெண்ணிப் பின்புறமாகப் பாய்ந்த ஜெர்மானியர், நேரே அந்த நான்கு துப்பாக்கிகளின் வாயில் வந்து விழுந்தார்கள். அன்று ஒரே நாளில் முப்பதுக்கு மேற்பட்ட விமானங்களை வீழ்த்தியதாக ஸ்குவாட்ரனார் உரிமை கொண்டாடினார்கள், அந்தக் கணக்கு மிகையென்பது பின்னால் தெரிந்தது. அடையாளத் தவறு பகைவனுடையதாயிருந்தமட்டும் லாபமே. ஜெர்மானியர் உருவ வேற்றுமையைக் கண்டுகொண்டு முன்புறமாகவும் அடிப்புறமாகவும் தாக்கத் தலைப்பட்டதும், அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த ஸ்குவாட்ரன் பெருஞ்சேதமுற்றுப் பகற்போரிலிருந்தே விலக்கப்பட்டது.

நம் கரைகளுக்கும் அந்த ஆபத்து வந்தது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினர். திருகோணமலையிலிருந்து புறப்பட்டு அங்கே வந்துகொண்டிருந்த ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள், எதிரே வந்த ஜப்பானியச் சண்டை விமானங்களைத் தம்மவரின் ஹரிக்கேன்கள் என்றெண்ணி, ஆறும் ஒருங்கே வீழ்ந்தன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. ஜப்பானியரின் சின்னம் வெறும் செவ்வட்டம். ஆங்கிலேயருடைய வட்டத்தின் நடுவிலும் செவ்வட்டம். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்யவேண்டிய விமானிக்கும் பீரங்கிக்காரனுக்கும் அந்தச் சிவப்பு ஒன்றே கண்ணில் பட்டுவிடுமாதலால், கீழ்த்திசைப் போர்க்களத்தில் சிவப்பையே விலக்கினார்கள். அமெரிக்கர் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த செம்புள்ளியை 1942-லேயே அழித்தார்கள். நம் பக்கத்தில் கருநீலமும் இளநீலமும் மட்டுமுள்ள வட்டம் வந்தது. 1944-இல் இம்பாலைக் காத்து நின்ற அர்ஜன் சிங்கின் ஹரிக்கேன்கள் அந்த நீல வட்டத்தோடுதான் பறந்தன. உழைப்பால் ‘குட்டி ஜப்பான்’ என்று பெயரெடுத்த சிவகாசியில், மத்தாப்புக்கு ஸ்டிரான்ஷியம் உப்பைச் சேர்த்துச் சிவப்பையும் பேரியம் உப்பைச் சேர்த்துப் பச்சையையும் வரவழைத்துப் பழகியவர்கள், ஒரே ஒரு நிறம் இத்தனை உயிர்களுக்குக் காலனாயிருந்ததை எளிதில் உணர்வார்கள்.

அவ்வளவு எச்சரிக்கைக்கு நடுவிலும் மனித மனம் தனக்கென்று ஓர் அடையாளத்தைத் தேடியே தீர்ந்தது. 1940-இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து சென்ற விமானிகளுள் ஒருவரான மொஹிந்தர் சிங் புஜ்ஜி, தம்முடைய ஹரிக்கேனுக்கு ‘அம்ரித்’ என்று பெயர் எழுதியிருந்தார். அது பிற்பாடு அவருக்கு மனைவியாக வாய்த்தவரின் பெயர். ரிக்டோஃபனின் சிவப்பு ‘என்னைப் பார்’ என்று எதிரியை அழைத்தது. புஜ்ஜியின் எழுத்துகள் எதிரியின் பார்வைக்காக எழுதப்பட்டவை அல்ல.

1947-க்குப்பின் நம் விமானங்களில் சிலகாலம் அசோக சக்கரம் விளங்கியது. 1950 முதல் வெளியே காவியும் நடுவளையமாக வெள்ளையும் உள்ளே பச்சையுமான வட்டம் நிலைபெற்றது. ஆகாயச் சண்டைகளின் இந்தச் சரித்திரத்தை ஆராய்ந்து பார்த்தால், தன்னவன் கையால் சாகாதிருப்பதற்காகத் தீட்டிய சின்னம் எளிமையாயிருந்தவரை பயன்பட்டது என்பதும், பிறனை அஞ்சுவிப்பதற்காகத் தீட்டிய சின்னம் இறுதியில் பிறன் வீட்டுச் சுவரையே அலங்கரித்தது என்பதும் விளங்கும். இதற்குச் சாட்சி தேடிப் பிரான்சுக்குப் போகவேண்டியதில்லை. விருதுநகர் ரயில்நிலையத்துப் பலகையே போதும்: வெட்டியவர் பெயரும் வெட்டுண்டவன் பெயரும் இன்று ஊரில் எவருக்கும் தெரியாது, விருது மட்டும் ஊரின் பெயராக நிற்கிறது.